அம்மா போடாத ஆறு மாத்திரைகள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சபையில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு, யார் யார் தூங்குகிறார்கள் என்று எண்ணுகிறவன். என் சாட்சியை யார் நம்புவார்கள்? ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அப்பா இல்லை. அம்மாவும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அம்மா தையல் லைனில், நான் பேக்கிங்கில். அம்மாவுக்கு பிரஷரும் படபடப்பும் உண்டு. மூன்று வருடமாகக் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. பீட்டா பிளாக்கர் என்பார்கள். இதயம் தறிகெட்டு ஓடாமல் அடக்கி வைக்கிற மருந்து.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் சபையில் உபவாசம். சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடக் கூடாது. முதல் நாள் காலை அம்மா மாத்திரையைக் கையில் எடுத்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

“இன்னாம்மா, உபவாசத்துலயும் மாத்திரையா? உன் விசுவாசம் மொத்தமும் அந்த டப்பாக்குள்ளதான் இருக்கா?”

அம்மா சிரிக்கவில்லை. மாத்திரையை டப்பாவிலேயே திரும்பப் போட்டு, “போடா, பஸ் வந்துடும்” என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். அப்புறமாவது போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அம்மா என் தோளைப் பிடித்தார்கள். முகமெல்லாம் வேர்வை.

“நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்குடா.”

அப்படியே சரிந்தார்கள். என் தோஸ்த் இம்ரான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாவின் தலை என் மடியில்.

“மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?” என்று அங்கே சிஸ்டர் கேட்டார்.

“போடுவாங்க சிஸ்டர்.”

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மா தலையை ஆட்டினார்கள், இல்லையென்று. ஆறு விரலைக் காட்டினார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

“இத திடீர்னு நிறுத்தவே கூடாது தம்பி. அடங்கி இருந்த இதயம் ஒரேயடியா எகிறிடும். நிறுத்தணும்னாலும் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணுவார்.”

ஹார்ட் அட்டாக் என்றார் டாக்டர். வெளியே வந்து இம்ரானிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“எங்கம்மா நோன்புக்கு முன்னாடியே டாக்டராண்ட போய் மாத்திரைக்கு டைம் மாத்தினு வந்துடுவாங்க. நீ ஒரு வார்த்த கேக்கலையாடா?”

கேட்கவில்லை. கேலிதான் செய்தேன்.

அங்கேயே சுவரோரம் முட்டி போட்டேன். பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. “ஆண்டவரே, நான் சொன்னது தமாஷ். அவங்க நெஜம்னு எடுத்துக்கிட்டாங்க. என் வாய்க்கு அவங்கள தண்டிக்காத.” அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணை மூடினேன்.

மூன்றாம் நாள் அம்மா கஞ்சி கேட்டார்கள். கர்த்தர் திருப்பித் தந்தார். முழுசாகத் தந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். இதயம் பலவீனமாகிவிட்டது. தையல் லைனில் அம்மாவின் நாற்காலியில் இப்போது வேறொரு அக்கா. அம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தினமும் மாத்திரை நான்தான் கொடுக்கிறேன். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுப்பதில்லை. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நிமிஷம் நாடி பார்க்கிறேன். ரொம்பக் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போன். அந்த ஒரு நிமிஷம்தான் என் ஜெபம். கடிகாரத்தைப் பார்க்கணும், அதனால் மறுபடியும் கண்ணைத் திறந்துகொண்டுதான்.

உபவாசம் இருங்கள், நம்பி ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் மாத்திரையை நிறுத்தி அவரைச் சோதிக்காதீர்கள். அந்த டப்பாவும் அவர் கொடுத்ததுதான்.

எழுதி முடித்ததும் முதலில் இம்ரானுக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது:

“எழுதினது போதும்டா, இன்னிக்கு அம்மாவுக்கு மாத்திரை குடுத்தியா?”