ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை சிவலிங்கத்தை அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்தார்கள். புக்கிட் செலம்பாவ் ஊர்க்காரர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். நெற்றியில் திருநீறு கலையவில்லை. இரு கன்னத்திலும் வேல் குத்திய தடம் இருந்தது. வலது கால் அசையவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை.

ஆன்ஜியோ அறைத் தாதியான எனக்கு அவரைத் தெரியும். முன்பு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஸ்கேன் எடுத்தபோது, மூளையின் சிறிய ரத்தக்குழாய் ஒன்றில் வீக்கம் தெரிந்தது. வெடித்தால் பிழைப்பது கடினம். தீபாவளிக்கு முன்பு அந்தக் குழாய்க்குள் ஃப்ளோ டைவர்ட்டர் வைத்தோம். நெருக்கமாகப் பின்னிய கம்பி வலை ஸ்டென்ட் அது. ரத்தத்தை நேராக ஓடவிட்டு, வீக்கத்துக்குள் பாய்வதைக் குறைக்கும். வீக்கம் மெல்ல அடைபடும்.

"கோழிக் கூண்டு வலையத் தலைக்குள்ள வைக்கிறீங்களா மிஸ்ஸி? உள்ள கொக்கரிச்சா என்னா பண்றது?" என்று சிரித்தார்.

வலையில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் உண்டு. மீஹூன் சேமியா இழை போன்ற குழாயில் சிறிது உறைந்தாலும் வழி அடைத்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னேன்: "டாக்டர் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாதுண்ணே."

"லோரிக்கு எண்ணெய் ஊத்த மறந்தாலும் இத மறக்க மாட்டேன்லா."

அவர் மறக்கவில்லை. அவர் மனைவி பரமேஸ் நடைவழியில் சொன்னார்:

"நல்லபடியா முடிஞ்சா வேல் குத்திக் காவடி எடுக்கிறேன்னு வேண்டியிருந்தாரு மிஸ்ஸி. ஒரு நா முகம் வழிக்கையில கீறிக்கிட்டு ரத்தம் நிக்கவே இல்ல. இந்த மாத்திரையோட குத்தினா ஊத்துமேன்னு பயந்துட்டாரு. விரதத்துல என்னமோ குறைன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு, விரதம் ஆரம்பிச்சதுமே மாத்திரைய நிறுத்திட்டாரு. பூசம் முடிஞ்சதும் போட்டுக்கிறேன்னாரு."

பிறகு மெல்லச் சொன்னார்: "ஒரு சொட்டு ரத்தம் வரல மிஸ்ஸி. கோயில்ல எல்லாரும் அவ்ளோ பெருமையா பேசினாங்க."

வலையில் ரத்தம் உறைந்த அடைப்பைத் திறக்க டாக்டர் வெகுநேரம் முயன்றார். ரத்தக்குழாயில் செலுத்திய சாயம் திரையில் வலையின் முனை வரை போய் நின்றது. அதைத் தாண்டவே இல்லை. வெளியே வந்தபோது பரமேஸ் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினார்.

"இப்பக் குடுத்தா சரியாயிடுமா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் இல்லை. குழாயோடு சேர்ந்து அதுவும் அடைபட்டிருந்தது. சிவலிங்கம் இன்னும் பேசவில்லை. சாப்பாடு ஊட்டினால் விழுங்குகிறார், ஊட்டாவிட்டால் கேட்பதில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைய தாதியருக்கு: மாத்திரையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வேண்டுதல் இருக்கிறதா, அலகு குத்துவதா என்று கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பால்குடம் எடுக்கலாமே என்று பேசிப் பாருங்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். அநேகமாக எல்லாரும் இல்லை என்கிறார்கள். நிறைவேறும்வரை வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான்.