நாற்காலிக்குக் கீழே ஒரு நாற்காலி

சபாநாயகர் பேசுவது ஊருக்கே கேட்க வேண்டும். அவருக்கு நான் சொல்வது பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்கக் கூடாது. இதுதான் என் தொழில். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடும் கணவர்களே, ஹவுசிங் சொசைட்டிக்குச் செயலாளராக இருந்து தொலைத்தவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

மாமா பார்க்க வந்தார்

மராட்டிய மாநிலச் சட்டசபையில் சபாநாயகரின் உயரமான ஆசனத்துக்கு நேர் கீழே ஒரு மேஜை இருக்கும். அங்கேதான் நான். விதி என்ன, முன்பு இதே மாதிரி வந்தபோது என்ன தீர்ப்பு சொன்னார்கள் என்பதை அவர் திரும்பிப் பார்த்தவுடன் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த நாற்காலி இது. அங்கே விக் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், இங்கே நான் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு. ஆரம்பத்தில் அரசாங்கத்தின் சட்டத்துறை ஆட்களே இதையும் சேர்த்துப் பார்த்தார்களாம். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறவனுக்கு எப்படி நியாயம் சொல்வான் என்று சண்டை வந்தது. அதற்கப்புறம்தான் சபைக்கென்று தனிச் செயலகம். அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆட்சி மாறும், சபாநாயகர் மாறுவார், மேஜை மாறாது.

இத்தனை பெருமையையும் சொல்லித்தான் மாட்டுங்காவிலிருந்து என் மாமாவை ஒரு நாள் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு நல்ல அமளி. சபாநாயகர் மூன்று தீர்ப்பு சொன்னார். மூன்றும் நான் சீட்டில் எழுதிக் கொடுத்தவை. சாயங்காலம் வெளியே வந்து செருப்பைத் தேடியபடியே மாமா சொன்னார்: "எல்லாரும் தொண்டை கிழியக் கத்தறா, நீ மட்டும் வாயையே திறக்கலையே. இதுக்கா உனக்குக் கார் அனுப்பறா?"

ஒரே பதில்

காலையில் சபை கூடுவதற்கு முன் ஆளுங்கட்சிக் கொறடா என் அறைக்கு வருவார். இந்தத் தீர்மானத்தை இன்றைக்கு எடுக்காமல் தடுக்க முடியுமா என்பார். விதியைச் சொல்வேன். அவர் எழுந்துபோன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் எதிர்க்கட்சிக் கொறடா வந்து உட்காருவார். இதை இன்றைக்கே எடுக்க வைக்க முடியுமா என்பார். அதே விதியை அதே வார்த்தைகளில் சொல்வேன். இரண்டு பேருக்கும் டீ வரும். இரண்டு பேரும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஒரு நாள் இரண்டாமவர் வாசலில் நின்று, "முன்னாடி வந்தவருக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். உங்களுக்குச் சொன்னதைத்தான் என்றேன். மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. மராட்டியில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அவருக்கும் இதேதான்னா, அப்புறம் நான் எதுக்கு மேடம் மாடி ஏறி வந்தேன்?"

கேட்டார், கேட்கவில்லை

ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கேட்டு நடப்பது அவர் விருப்பம். ஒரு சபாநாயகர், நல்ல மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், ஒரு நாள் கூச்சலுக்கு நடுவே திரும்பி என்னிடம் விதியைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து நேர் எதிராகத் தீர்ப்பு சொன்னார். மறுநாள் ஒரு பத்திரிகை, அவருக்கு யார்தான் இப்படித் தப்பு யோசனை சொல்கிறார்களோ என்று எழுதியது. பதில் எழுத எனக்கு உரிமை இல்லை. அன்றைக்குக் கார் வரவில்லை, ஹார்பர் லைன் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று மத்தியானம் சபாநாயகரே கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க சொன்னது சரிதான் மேடம். அந்த நிமிஷத்துக்கு அவ்வளவு சரி தாங்காது."

பேச்சியம்மாள் வந்தாள்

எனக்கு ரவிக்கை தைப்பவள் பேச்சியம்மாள். தாராவியில் வீடு, வீட்டிலேயே மெஷின். ஒரு ஞாயிற்றுக்கிழமை தைத்த துணியோடு செம்பூரில் என் வீட்டுக்கு வந்தவள், துணியைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். அவர்கள் சந்துக்கு இருந்த ஒரே பொதுக் கழிப்பறையின் சுவர் இடிந்துவிட்டது. பூட்டிப் போட்டுவிட்டார்கள். இப்போது பெண்கள் எல்லாரும் மாஹிம் பக்கம் வரை நடக்கிறார்கள்.

"எங்க செல்வி காலேஜுக்குப் போற பிள்ளை. தண்ணி குடிக்கதையே நிப்பாட்டிட்டாக்கா. போன வாரம் ஆஸ்பத்திரில சேத்து ட்ரிப்ஸ் ஏத்துனோம்" என்றாள். நான் சபையில் பெரிய ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

நான் யாருக்காகவும் வார்த்தை சொல்ல முடியாது என்றேன். உங்கள் எம்.எல்.ஏ.விடம் போ, கவன ஈர்ப்புக்கு அவர் நோட்டீஸ் கொடுக்கலாம் என்றேன். யார் வந்து கேட்டாலும் இதைச் சொல்வேன், உனக்கென்று தனியாகச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். "தனியா சொன்னா என்ன, பொதுவா சொன்னா என்னக்கா, வழி ஒண்ணுதானே."

கோர்ட்டில் இருக்கிறது

எம்.எல்.ஏ. நோட்டீஸ் கொடுத்தார். அன்றைய பட்டியலிலும் வந்துவிட்டது. அவர் எழுந்து நாலு வரி பேசுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். இடிந்த சுவருக்கு யார் பொறுப்பு என்று அதைக் கட்டிய கான்ட்ராக்டர் வழக்குப் போட்டிருக்கிறார், கோர்ட்டில் இருப்பதைச் சபையில் பேசலாமா என்று கேட்டார். வழக்கு நம்பரோடு காகிதத்தை நீட்டினார்.

சபாநாயகர் திரும்பினார். எம்.எல்.ஏ.வின் நோட்டீஸைப் படித்தேன். கான்ட்ராக்டர் மேல் நடவடிக்கை எப்போது என்பது ஒன்றுதான் கேள்வி. வழக்கும் அதேதான். செல்வி கையில் ஊசி ஏறியிருப்பது என் கண் முன்னால் நின்றது. அதற்கு விதியில் இடமில்லை. "எடுக்க முடியாது சார்" என்றேன். அவர் அப்படியே சொன்னார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை பேச்சியம்மாள் வந்தபோது வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீங்க சொல்லித்தான் நின்னுச்சுன்னு சொல்லுதாவ. நேர்மையான அம்மான்னும் சொல்லுதாவ. இருக்கட்டும்க்கா. எங்க தெருப் பொம்பளையாளுவ அந்த நேர்மைக்குப் பின்னால போயா ஒதுங்க முடியும்?"

கேட்டால்தான் சொல்லலாம்

வழி ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். சுவரைப் பற்றியும் கான்ட்ராக்டரைப் பற்றியும் பேசாமல், வழக்கு முடியும்வரை அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று மட்டும் கேட்டால் எந்தக் கோர்ட்டும் குறுக்கே வராது. ஆனால் நானே சொன்ன தடையைத் தாண்ட நானே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினால், மறுநாள் அந்த மேஜையில் நான் உட்கார முடியாது. உறுப்பினர் வந்து கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொல்லக் கூடாது.

அவர் கேட்கவில்லை. நடைவழியில் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நானும் வேண்டுமென்றே அவர் வரும் வழியில் நின்று பார்த்தேன். வயசான காலத்தில் இப்படி ஒரு பிழைப்பு. கூட்டத்தொடர் முடியப் போகிற சமயத்தில் வேறு ஏதோ மசோதாவைப் பற்றிச் சந்தேகம் கேட்க என் அறைக்கு வந்தார். தீர்த்து வைத்தேன். எழுந்து கதவுவரை போனவர், "அந்தத் தாராவி விஷயம் அவ்வளவுதானா மேடம், வேற வழியே இல்லையா?" என்றார். உட்காருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

புது நோட்டீஸ் வந்தது, சபையில் எடுக்கப்பட்டது, அமைச்சரும் பதில் சொன்னார். தற்காலிகக் கழிப்பறைகள் சந்து முனையில் வந்து இறங்கின. முன்பு ஒழுங்குப் பிரச்சினை எழுப்பியவர் என்னைப் பார்த்து, நீங்கள் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று கேலி செய்தார். பேச்சியம்மாள் இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். செல்வி காலேஜுக்குப் போகிறாள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரிதான்க்கா, ஒரு கதவுக்கும் தாப்பா வைக்கல. அதுக்கு இனி எந்த நோட்டீஸ் குடுக்கணும்?"

இரண்டு பக்கமும் என்னைத் திட்டாமல் நான் வீடு திரும்பிய நாள் ஒன்று உண்டென்றால், அன்றைக்குச் சபைக்கு விடுமுறை என்று அர்த்தம்.