முட்டைக் குழிகளில் மாத்திரை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டு ஒன்று உண்டு. நாங்கள் ஜைனக் குடும்பம், முட்டை வாங்குவதில்லை. அதன் குழிகளில் மாத்திரைகள் கிடக்கும்.

மனைவிக்கு நீர்க்கடுப்பு வந்தால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே மருந்துக்கடையில், "போன தடவை குடுத்ததே குடுங்க, ரெண்டு நாளைக்கு" என்பேன். அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். எரிச்சல் நின்றதும் மிச்சம் குழிக்குப் போகும், அடுத்த முறைக்கு. விழுப்புரம் போய் டாக்டருக்காக வரிசையில் உட்கார எனக்குப் பொறுமையில்லை. டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்காதீர்கள் என்ற செய்திக்கு எங்கள் பத்திரிகையில் தலைப்பு வைத்தவன் நான்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விழுப்புரத்தில் சேர்த்தோம். ஊசி போட்டும் இறங்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். இளம்பெண்.

"கிருமியோட வெளித்தோல்ல புரதத்தால ஆன சின்னச் சின்ன துளை இருக்கு சார். சத்து உள்ள போற வழி. பல மருந்தும் அது வழியாதான் நுழையும். அரைகுறையா மருந்து குடுத்தா, துளை கம்மியா இருக்கிற கிருமி தப்பிச்சுப் பெருகும். இதுவும் அப்படித்தான்னு சந்தேகப்படறேன்."

மனைவியிடம் திரும்பினார். "முன்னாடி என்ன மாத்திரை போட்டீங்கம்மா? தெரிஞ்சாதான் அடுத்த மருந்தை முடிவு பண்ண முடியும்."

"ஒண்ணும் போடலீங்க டாக்டரம்மா. சீரகத் தண்ணி குடிச்சிக்கினு இருந்தேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் எழுதத் தொடங்கினார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை காலையில் பார்த்ததைவிடக் கறுத்திருந்தது.

"நான் வாங்கிக் குடுத்தேங்க," என்றேன். "பல தடவை."

"பேரு?"

தெரியவில்லை.

"பேப்பர்ல ஒரு எழுத்து தப்புன்னா ஊரையே திட்டுவாரு," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி. "மாத்திரைப் பேரை மட்டும் படிக்க மாட்டாரு."

அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய் முட்டைத் தட்டை அப்படியே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வெட்டிய துண்டுகள் பலவற்றில் பெயரே இல்லை. டாக்டர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெயர் தெரிந்தவற்றையும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளையும், இனி பலிக்காது என்று ஒதுக்கினார். கடைசியில் மிஞ்சிய ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

"வேற வழி இல்ல சார்."

காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை. பரிசோதனைக்காக இன்றும் விழுப்புரம் போகிறோம். நான் வரிசையில் உட்காருகிறேன்.

பக்கத்து நாற்காலிப் பெண்களிடம் அவள் சொல்கிறாள்: "எவ்ளோ நேரமானாலும் கூடவே உக்காந்துக்கினு இருப்பாரு. இவர மாதிரி யாரு இருக்காங்க?"