இடது கால் மிதி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, மாற்றுச் சட்டை இல்லாமல் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, மகாவலிப் பாலத்துக்குக் கிட்ட நான்கு தகரத்தை நிறுத்தி வெல்டிங் வேலை தொடங்கினேன். அந்தத் தகரத்தையும் ஒரு வருசம் வெள்ளம் கொண்டுபோனது, மறுபடி நிறுத்தினேன். இன்றைக்கு அதே இடத்தில் ஆறு லொறி ஒரே நேரத்தில் நிற்கிற கராஜ், இரண்டு லேத் மெஷின், பக்கத்தில் மாடி வீடு, பதினான்கு பேருக்கு வேலை. கண்டியில் ஓடுகிற பழைய பஸ்களில் என் கை படாதது குறைவு, பொய் என்றால் டிரைவர்மாரைக் கேளுங்கள். இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் வருவதைப் படித்துவிட்டு இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

பேய், ஆவி என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. ஆள் செத்த லொறிகளைத் திருத்தியிருக்கிறேன், களைத்தால் அதே சீட்டில் படுத்துத் தூங்கியும் இருக்கிறேன், ஒரு நிழலும் என்னை எழுப்பியதில்லை. அப்படிப்பட்டவன்தான் எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

எங்கள் இளவயதில் சுனில் என்று ஒருவன் இருந்தான். மண் மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடுகிறவன். ஜனங்கள் வைத்த பெயர் குருல்லா, சிங்களத்தில் பறவை. தெல்தோட்டைக்கு மேலே கைவிட்ட தேயிலை மலை ஒன்றில் பந்தயம் நடக்கும், அதில் பெரிய மேடு என்று ஒரு மேடு உண்டு, ஏறி வந்த வேகத்தில் அந்த விளிம்பிலிருந்து பாய வேண்டும். மற்றவர்கள் ஆகாயத்திலும் எஞ்சினைக் கத்தவிட்டுக்கொண்டே போவார்கள். சுனில் மட்டும் பாய்ந்த உடனே எக்சிலேட்டரை முழுதாக மூடிவிடுவான். மலை முழுக்க அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பார்க்க வந்த நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சத்தம் போட்டு எண்ணுவோம், எக்கய், தெக்கய், துனய் என்று. தமிழ் ஆளும் முஸ்லிம் ஆளும் சிங்களத்தில்தான் எண்ணுவோம், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. மற்ற ஓட்டக்காரர்களுக்கு இரண்டோடு முடிந்துவிடும். சுனிலுக்கு மட்டும் ஹதரய், நான்கு வரைக்கும் எண்ணுவோம், பிறகுதான் சக்கரம் தரையில் விழுகிற சத்தம் டொப் என்று வரும்.

அவன் நான்கு வரைக்கும் ஆகாயத்தில் நின்றதற்குக் காரணம் நான். இதை யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். ஒரு பந்தயத்தில் விழுந்து அவனுடைய இடது முழங்கால் உடைந்தது. பொருந்திய பிறகும் முழுதாக மடங்கவில்லை. இனி ஓடமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் நொண்டிக்கொண்டு என் தகரக் கொட்டிலுக்கு வந்தான், நான் பைக்கில் அவனை ஏற்றிவைத்து முழங்காலைப் பார்த்தேன், தேயிலை ஃபெக்டரியில் கழித்துப்போட்ட இரும்பை அறுத்து, ஓட்டுகிறவன் கால் வைத்து நிற்கிற மிதி இருக்கிறதே, அதில் இடது பக்கத்து மிதியை மட்டும் ஒன்றரை இஞ்சி இறக்கமாகச் செய்து பற்றவைத்தேன். அப்படி யாரும் செய்யமாட்டார்கள், ஏனென்றால் இடது பக்கம் சாய்த்துத் திருப்பும்போது அந்த மிதி நிலத்தைக் கிழிக்கும். கிழித்தது. அவன் டயர் தடத்துக்குப் பக்கத்திலேயே கத்தியால் கீறியது போல ஒரு கோடு ஓடும். குருல்லா ஏர் பூட்டி உழுகிறான் என்று சிரித்தார்கள். அந்த மிதியோடு ஓடிய முதல் பந்தயத்தில் அவன்தான் முதலாவது. முடிந்ததும் சேறு வடிய வடிய என்னிடம் வந்து, மேஸ்திரியைச் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி, "பாசுன்னே, உங்கட இரும்பு மேல நிக்கிற நேரம் எனக்கு பயமே இல்ல" என்றான். இதற்கு ஒரே சாட்சி அவன்தான், அவனும் போய்விட்டான்.

மலையில் விழுந்து போகவில்லை, நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனான். வருசம் திரும்பிய நாளில் பழைய ரசிகர்கள் நாற்பது பேர் அந்த மலையில் கூடினோம். எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது, சிலர் தடி ஊன்றி வந்தார்கள். அவனுக்கு அங்கே ஒரு நினைவுப் பலகை வைப்பதாகத் திட்டம், அவனுக்குத் துணையாக இருந்தவர்களின் பெயர்களும் அதில் வரும் என்றார்கள். பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் நவாஸ் ஹாஜியார், கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கிறவர், என் வயதுக்காரர், அந்தக் காலத்தில் என் தோளில் ஏறி நின்று பந்தயம் பார்த்தவர். பட்டியலில் என் பெயர் இல்லை.

"கருப்பையா, கோவப்படாதீங்க" என்றார் அவர். "ஒருத்தர் ஆணி குடுத்தண்டு செல்றாரு, ஒருத்தர் எண்ண ஊத்தினண்டு செல்றாரு. எல்லார்ட பேரயும் போட்டா பலகைக்கு பதிலா மதில் கட்டோணும். ஒங்கட்ட ஆதாரம் ஈக்கா?"

"நான் என்ன ஆணியா குடுத்தேன் ஹாஜியார்? அவன் நின்னதே என் இரும்பு மேலதான். பைக்கு இங்கதானே நிக்குது, வந்து பாருங்க, இடது பக்கம் ஒண்ணரை இஞ்சி எறங்கியிருக்கும்."

சுனிலின் பைக்கை அவன் தம்பி ஜயந்த கொண்டுவந்து கூடாரத்துக்குள் நிறுத்தி மாலை போட்டிருந்தான். எஞ்சினை முன்பே கழற்றி விற்றாயிற்று, வெறும் கூடுதான். நான் இந்த வயதில் ஈரப் புல்லில் படுத்து இடது பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு மிதியும் ஒரே உயரம். புத்தம் புதுசு.

"அது பழைய இரும்புதானே பாஸ் ஐயா, நான் யாவாரிக்கு குடுத்திட்டேன்" என்றான் ஜயந்த. "இப்ப வடிவா இருக்குதானே?"

பின்னால் நின்ற ஒருவர், "அடுத்ததா மகாவலிப் பாலத்தையும் நான்தான் பத்தவச்சேன்னு சொல்லுவாரு நம்ம பாஸு" என்றார். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பிச் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அன்றைக்குத்தான் சுட்டது.

பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம். மலையில் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்குவது புதுசு இல்லை. பெரிய மேடு முதலில் மறைந்தது, பிறகு கூடாரத்துக்கு வெளியே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கீழ்த் திருப்பத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும், அதில்தான் சோறு தின்றேன். இந்தக் காலத்து பைக் இல்லை அது. பழைய எஞ்சின், மேட்டுக்கு முன்னால் ஒரு தடவை இழுத்துவிட்டு இரண்டாவது தடவை முழுதாகத் திறக்கிறான், அப்படித் திறந்தவன் ஒரே ஒருத்தன்தான். நான் பைக்கைப் பார்த்தேன். மாலையோடு அங்கேயே நின்றது. ஜயந்த அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். கதிரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சத்தம் பனிக்குள்ளே ஏறி ஏறி விளிம்புக்கு வந்தது. அங்கே அப்படியே நின்றது.

யார் தொடங்கியது என்று தெரியவில்லை, நானாகக்கூட இருக்கலாம். எக்கய். தெக்கய். நாற்பது கிழவர்களும் எண்ணினோம். துனய். ஹதரய். சக்கரம் விழுகிற டொப்புக்காக எல்லோருடைய தோளும் கொஞ்சம் குனிந்தது, பழைய பழக்கம். விழவில்லை. ஐந்து என்றோம், ஆறு என்றோம். பயந்தேன் என்று சொன்னால் பொய், கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றேன். பத்தைத் தாண்டினோம். சில பேர் அழுதுகொண்டே எண்ணினார்கள். இருபதுக்கு மேல் ஒவ்வொரு குரலாக நின்றுபோனது, கடைசியில் ஹாஜியார் மட்டும் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார், பிறகு அவரும் நிறுத்தினார்.

விழுகிற சத்தம் வரவே இல்லை.

பனி கொஞ்சம் விலகியதும் ஏறிப் போனோம். அங்கே எத்தனையோ வருசமாக ஒரு வண்டியும் ஓடவில்லை, முழங்கால் உயரத்துக்குப் புல். மேட்டுக்கு ஏறுகிற இடத்தில்தான் வெறும் சேறு. அதில் ஒரே ஒரு டயர் தடம், ஈரம் மாறாமல். புல்லுக்குள்ளிருந்து அது வந்ததற்கு அடையாளம் இல்லை, ஒரு புல்லும் மடங்கியிருக்கவில்லை. இடது பக்கம் வளைகிற இடத்தில், தடத்துக்குப் பக்கத்திலேயே, கத்தியால் கீறியது போல ஒரு கோடு.

நான் குந்திக் கையால் அளந்து பார்த்தேன். தடத்துக்கும் கோட்டுக்கும் இடையே என் ஒரு சாணும் மூன்று விரலும். அந்த மிதியைச் செய்தபோது சாண் போட்டு அளந்த அதே கை இது.

தடம் விளிம்புவரை போய் அங்கே முடிந்தது. கீழே காடாகிப்போன தேயிலைச் செடிகள், அவற்றின் மேல் சிலந்தி வலைகள், வலையில் பனித்துளிகள். ஒரு வலையும் அறுந்திருக்கவில்லை.

ஹாஜியார் என் பக்கத்தில் குந்தினார். கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒங்கட மிதிதான்" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அன்றைக்கே மழை பெய்து எல்லாம் கரைந்துபோனது. இப்போது கேட்டால், தோட்டத்துப் பொடியன்கள் யாரோ ஓட்டியிருப்பார்கள் என்கிறார்கள் சில பேர். ஓட்டியவன் எங்கே இறங்கினான் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். பலகைக்குப் பெயர் வெட்டக் கொடுத்தாயிற்று, அந்த மலையில் நடந்ததைப் பற்றி ஹாஜியார் வாய் திறப்பதில்லை, என் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை.

எனக்கு வேறு ஒரு தொல்லை. கராஜில் யாராவது எஞ்சினை உச்சத்துக்கு இழுத்துச் சட்டென்று மூடினால் என் கை வேலையை விட்டுவிடுகிறது, வாய் தானாக எக்கய் என்று தொடங்குகிறது. ஐந்துக்கு மேல் போனதும் நான் மேலே பார்க்கிறேன். தகரக் கூரைதான் தெரிகிறது, என்றாலும் பார்க்கிறேன்.

அவன் இறங்கியதை அந்த நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இறங்கும்வரைக்கும் அவன் இடது கால் என் இரும்பு மேல்தான் நிற்கிறது. நவாஸ் ஹாஜியார், நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்தவர். பலகையில் வெட்டச் சொல்லுங்கள்: இடது கால் மிதி, எஸ். கருப்பையா, கட்டுகஸ்தோட்டை.