கல் நட்ட மூன்று வரப்புகள்

எங்கள் பாகூர்ப் பக்கத்து நிலத்தைப் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கறிக்கடைக்காரனைப் போலத் துண்டுபோட்டு வைத்திருந்தார்கள். ஒரு கரும்புக்கொல்லையைக் கடப்பதற்குள் தேசம் நான்கு தடவை மாறும். எல்லை போகும் வரப்புகளில் கல் நட்டிருந்தது. மாடு முதுகு சொறிந்துகொள்வதைத் தவிர அந்தக் கல்லால் எங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக் கயிற்றின் இரண்டு முனைகளையும் முடிந்து, களத்தில் கோணல்மாணலாகப் பரப்பி, நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைப்பான்.

"உள்ளயா, வெளியயாடி?"

தப்பாகச் சொன்னால் தலையில் குட்டு. குட்டு வாங்கி வாங்கி நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெளியிலிருந்து கொட்டைவரை நேராக நடந்து, கயிற்றை எத்தனை முறை தாண்டுகிறேன் என்று எண்ணினால் போதும். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. கயிற்றை எப்படி வளைத்தாலும் இது பொய்க்கவில்லை. இடவியல் என்று இதற்கொரு பெரிய கணக்குப் படிப்பே இருப்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், அண்ணன் இனி என்னைக் குட்ட முடியாது என்பதுதான்.

அந்த வருஷம் புதுச்சேரியில் ஆலை வேலைநிறுத்தம். அம்மாவின் தம்பி அதில் முன்னால் நின்றவர். போலீஸ் தேடியது. அடிபட்டு வீங்கிய காலோடு ஒரு காலையில் எங்கள் வீட்டில் வந்து விழுந்தார். பிரெஞ்சு மண்ணில் இருந்தால் பிடிப்பார்கள். இங்கிலீஷ் மண்ணுக்குப் போய்விட்டால் சிவப்புத் தொப்பி போட்ட பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் தொட முடியாது. அப்பாவும் அண்ணனும் ஊரில் இல்லை. அம்மா என்னிடம் சொன்னாள்.

"மாமாவ அந்தாண்ட இங்கிலீஷ் பனந்தோப்புல வுட்டுட்டு வா. நடுவுல எங்கியும் நிக்காத."

பாதி வழியில் மாமா கரும்புக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எம்மாந் தூரம் கண்ணு?"

தாண்டிய கல் வரப்புகளை எண்ணினேன். மூன்று. ஒற்றைப்படை. எங்கள் வீடு பிரெஞ்சு, அப்படியென்றால் இது இங்கிலீஷ்.

"இங்கியே குந்து மாமா. இது இங்கிலீஷ்காரன் மண்ணுதான்."

"மெய்யாவா? உனக்கு இன்னாடி தெரியும்?"

"கணக்குப் போட்டுட்டேன்."

"பெரிய தொரசானி!" என்று சிரித்தார். நம்பியும் விட்டார்.

சற்று நேரத்தில் தொப்பிகள் வந்தன. மாமா பேசாமல் படுத்திருந்தால் கரும்பு மறைத்திருக்கும். என் கணக்கை நம்பி எழுந்து நின்றார்.

"டேய், இது இங்கிலீஷ்காரன் மண்ணு. கைய வச்சிப் பாரு!"

வைத்தார்கள். சிரித்துக்கொண்டே துப்பாக்கிக் கட்டையால் அந்த வீங்கிய காலிலேயே அடித்து இழுத்துப் போனார்கள். மாமா உயிரோடு திரும்பவில்லை.

மறுநாள் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். நடு வரப்பு கரும்புக்குள்ளிருந்து முழங்கை மாதிரி வந்து, பாதையோரக் கல்லில் மடிந்து, வந்த பக்கமே திரும்பிப் போயிருந்தது. நாங்கள் அந்த முனையை உரசிக்கொண்டு போயிருக்கிறோம், தாண்டவில்லை. மூன்று அல்ல, இரண்டு. களத்துக்கு ஓடிக் கயிற்றை அப்படியே மடித்து நடந்து பார்த்தேன். சரியாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, கண்டுபுடிச்சிட்டேன்! தொட்டா கணக்குல சேராது, தாண்டினாத்தான்! அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்!"

அம்மா அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். இப்போதுதான் கணக்கு சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு அடிக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.