லிஸ்பனில் தொலைந்த புளியோதரைப் பை

மகள் யாழினிக்கு ஏப்ரலில் ஒரு வாரம் விடுமுறை. எனக்கும் மனைவி கவிதாவுக்கும் பாஸ்போர்ட்டில் புது அமெரிக்க விசா குத்தி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே போனால் அமெரிக்காவுக்குத் திரும்ப அது வேண்டும் என்பதால், காலாவதியாகும் முன் எங்காவது போய் வந்துவிட வேண்டும் என்று தவித்து லிஸ்பனுக்குக் கிளம்பினோம். நியூவர்க்கிலிருந்து நேரடி விமானம், ஆறரை மணி நேரம்.

கடைசி நாள் அல்ஃபாமா, அதாவது பழைய நகரம். காலை 9.30க்கு டாக்ஸி, மேட்டு உச்சி வரை 8.40 யூரோ. இறங்கும்போது டிரைவர், "பிக்பாக்கெட் ஜாஸ்தி, பத்திரம்" என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். போச்சு! அதன்பிறகு எனக்கு ஊரே கண்ணில் படவில்லை.

ஹோட்டல் லாக்கரை நம்பாமல் மூன்று பாஸ்போர்ட்டையும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன். அவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, சாப்பாட்டுப் பையில், கவிதா ஹோட்டல் அறையில் கிளறிய புளியோதரை டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன்.

"எந்தத் திருடன் இதை எடுப்பான்?"

"நீங்க பண்றது உங்களுக்கே நல்லாருக்குங்களா?" என்றாள் கவிதா.

ஓடு பதித்த சுவர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணிகள், முட்டியைப் பதம் பார்க்கும் சரிவுகள். உரசிப் போன எல்லோரும் எனக்குத் திருடர்களாகவே தெரிந்தார்கள். 12.50க்கு ஆற்றைப் பார்த்த பெஞ்சில் சாப்பிட்டோம். பக்கத்து வாசலில் ஓர் ஆன்ட்டி செர்ரி மது விற்றுக்கொண்டிருந்தார், கோப்பை 1.50 யூரோ. அவரையும் முறைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உச்சியிலிருந்த பழைய கோட்டையைப் பார்க்க டிக்கெட் வரிசையில் நிற்கும்போது மணி 1.40.

"ஏங்க, சாப்பாட்டுப் பை உங்ககிட்டதானங்க?"

"உன்கிட்ட இல்லியா?"

வந்த வழியே ஓடினோம், அறுநூறு மீட்டர் இறக்கம். மறுநாள் காலை 11 மணிக்கு விமானம். அந்த விசா இல்லாமல் எங்களை ஏற்ற மாட்டார்கள். சென்னைக்குப் போய் மறுபடி விண்ணப்பித்து எத்தனை வாரம் காத்திருப்பது? வேலை என்னாகும்?

கூடவே ஓடி வந்த யாழினி கேட்டாள்: "அப்பா, மைன் இஸ் அமெரிக்கன், ரைட்? சோ ஐ கோ ஹோம் அலோன்?"

அமெரிக்காவில் பிறந்த பதினோரு வயதுப் பிள்ளை. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெஞ்ச் காலியாக இருந்தது. கவிதா அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போது செர்ரி ஆன்ட்டி எழுந்து நின்று தன் நாற்காலியைக் காட்டினார். அதன் காலில் எங்கள் பை இரட்டை முடிச்சோடு தொங்கியது. போர்ச்சுகீசிய மொழியில் நன்றாகத் திட்டினார். நான் கும்பிட்டுவிட்டு இரண்டு கோப்பை வாங்கினேன். அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது.

போகிறவர்களுக்கு: ஐரோப்பாவுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். வழுக்காத ஷூ போடுங்கள். நகல் மட்டும் கையில் இருக்கட்டும், பாஸ்போர்ட்டுக்கு லாக்கரே போதும். கோட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள், நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மாலையே யாழினி, "ஆல் த்ரீ டுகெதர்" என்று சொல்லி மூன்று பாஸ்போர்ட்டையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். விமானத்தில் அவற்றை மடியில் வைத்தபடியே தூங்கினாள். நியூவர்க்கில் குடியேற்ற அதிகாரி கை நீட்டியதும் கட்டாகவே கொடுத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றித் தரும்படி அவர் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். கழற்றவில்லை.