அறுந்த நூலுக்கு மார்க் இல்லை

சிரிப்பு வருகிற விடை கண்ணில் பட்டால், வரலட்சுமி மிஸ் முதலில் சிவப்புப் பேனாவைத் தொடமாட்டார். பெயர் இருக்கும் இடம் உள்ளே போகும்படி தாளின் மேல்பக்கத்தை மடிப்பார். நகத்தால் நீவுவார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தள்ளிவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. அதற்குப் பிறகுதான் விடையின் மேல் இன்ட்டு விழும்.

போட்டோ போய்ச் சேருகிற இடம், நானூற்றுச் சொச்சம் கணக்கு ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு. பாதிப்பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே துக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. காம்பஸை வட்டம் போடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொண்டால் இழவு வீட்டு முகம் காட்டுகிறார்கள். அங்கே கொட்டினால், "நம்ம ஸ்கூல்லயும் இதே கதைதானுங்க" என்று நாலு பேர் சொல்வார்கள். பாரம் பாதி இறங்கிவிடும். மீதியை மிஸ் அனுப்புகிற 'இன்றைய முத்து' இறக்கிவைக்கும்.

சோமனூர் பக்கத்துப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எடுக்கிறார். முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள். "ஸ்டெப்பை முழுங்காதே கண்ணு" என்று ஒரே பீரியடில் பதினேழு தரம் சொன்னதாகக் கடைசி பெஞ்சில் பதிவு இருக்கிறது. கணக்கு வகுப்பில் அந்த பெஞ்சு உருப்படியாக எண்ணியது அது ஒன்றைத்தான். மிஸ் அடிக்கமாட்டார். "ஏனுங்க ஆபீசர், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று தூங்குகிறவனுக்கு மரியாதை கொடுப்பார். அதற்கு அடியே தேவலை.

போன தை மாதத் தேர்வுக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று தறியை வைத்தே ஒரு கேள்வி போட்டார். ஒரு விசைத்தறி ஒரு மணி நேரத்தில் 5 மீட்டர் துணி நெய்யும். 12 மணி நேரத்தில் எத்தனை மீட்டர் நெய்யும்? ஆறாம் வகுப்பு நித்யஸ்ரீ 50 என்று எழுதினாள். கீழே, யாரும் கேட்காமலே ஒரு வரி: 'நூல் அறும். முடிச்சுப் போடத் தறியை நிறுத்தணும். அதனால் 60 வராது.'

மிஸ் சிரித்தார். தாளை மடித்தார். 'இன்றைய முத்து: விடையும் அறுந்துபோச்சுங்க!' என்று எழுதி அனுப்பினார். மத்தியானச் சோறு முடிவதற்குள் தொண்ணூற்றாறு சிரிப்பு.

குழுவில் இருந்த யாரோ அதை வேறொரு குழுவுக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து இன்னொன்று. மூன்றாம் நாள் அது தறிக்காரர்கள் குழுவில் வந்து விழுந்தது. அங்கே நித்யஸ்ரீயின் அப்பா தம்பிதுரை இருந்தார். பெயரை மடிக்கலாம், பெற்ற மகளின் கையெழுத்தை எங்கே மடிப்பது?

மறுநாள் தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு பள்ளிக்கு வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"ஏனுங்க மிஸ், புள்ள எழுதுனதுல என்னங்க தப்பு? பன்னண்டு மணி நேரம் முச்சூடும் நூலே அறாம ஓடுற தறி எங்கீங்க இருக்குது? சொன்னீங்கன்னா நானும் ஒண்ணு வாங்கிப்போடறேன்."

"வெளையாட்டுக்கு அனுப்பிப்போட்டேனுங்க."

"தெரியுமுங்க. நானும் மொதல்ல சிரிச்சுப்போட்டேன், கையெழுத்தைப் பாக்கற வரைக்கும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "சிரிக்கிறவீங்க எல்லாரும் மிஸ்ஸு, சாருங்களாப்பான்னு புள்ள கேக்கறா. நான் என்னங்க சொல்லட்டும்?"

அன்று மிஸ் போனை எடுத்து அந்தப் படத்தை எல்லோருக்கும் அழியும்படி நீக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால் அந்த வழி மூடிக்கிடந்தது. 'அந்தப் பிள்ளையை நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். தயவுசெய்து எல்லோரும் அழித்துவிடுங்கள்' என்று குழுவில் எழுதினார். "அட விடுங்க மிஸ்" என்றார்கள். "அடுத்த முத்து எப்பங்க?" என்றார்கள். அந்தியூர் சசிதர் சார் மட்டும் ஒரு வரி போட்டார்: "புள்ள சொன்னது சரிதானுங்க மிஸ். நிக்காம ஓடினா-ன்னு கேள்வியில நாமதானுங்க போட்டிருக்கோணும்."

வகுப்பில் எல்லோர் முன்பும் மிஸ் தப்பை ஒத்துக்கொண்டார். விடைத்தாளை வாங்கி முழு மார்க் போட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நித்யஸ்ரீ தரையைப் பார்த்து "தேங்க்யூ மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அவள் பெரிய தொந்தரவு. தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று கேட்டால், "தொட்டியில ஓட்டை இருக்குதுங்களா மிஸ்?" என்பாள். ஆப்பிள்களைச் சமமாகப் பிரிக்கச் சொன்னால், "அழுகுனது யாருக்குங்க மிஸ்?" என்பாள். மிஸ் தலையில் அடித்துக்கொள்வார். இப்போது கேள்வி இல்லை. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே விடை, அதன் கீழே சுத்தமான வெள்ளை. இப்படி ஒரு நல்ல பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை.

போன வாரம் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்குப் போட்டார். மணிக்கு 40 கிலோமீட்டர் போகிற டவுன் பஸ், சூலூர் வழியாக 20 கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்? கை காட்டுகிற இடமெல்லாம் நிற்கிற பஸ் அது. நித்யஸ்ரீ சண்டைக்கு வரட்டும் என்று காத்திருந்தார். யாரும் கை தூக்கவில்லை. நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார்.

நித்யஸ்ரீ இடது உள்ளங்கையால் விடையை மூடினாள்.

மிஸ் நின்றார். சாக்பீஸைக் கீழே வைத்தார். போன் மேஜையில்தான் கிடந்தது. இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். "கையில ஒண்ணுமில்லே கண்ணு" என்றார்.

பிள்ளையின் கை நகரவில்லை. விரித்த கையை மடக்காமல் மிஸ் அங்கேயே நின்றார்.